கல் நாட்டப்படாத கப்றுகள்

திருவண்ணாமலையை வலம்வரும் பாதையில் உள்ள அடி அண்ணாமலை இன்று அமைதியான சிற்றூர். ஆனால் 1767 செப்டம்பரில் இவ்வட்டாரம் போர்க்களமாக இருந்தது. முதலில் செங்கத்திலும் பின்னர்த் திருவண்ணாமலையிலும், ஹைதர் அலீயும் ஹைதராபாத் நிஜாமும் இணைந்து நின்ற படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை எதிர்த்தது. கும்பினியின் நேசர் ஆற்காட்டு நவாபு முஹம்மது அலீ. எனவே இரு அணிகளிலும் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். தளபதிகளின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன. மடிந்த சிப்பாய்களின் பெயர்கள் மண்ணோடு போயின.

இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் காண விரும்புவோர் இங்கிருந்து வடக்கே வேலூருக்குச் செல்ல வேண்டும். அங்கே கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. கோட்டையைக் காண வருவோரில் பலர் அதை அறியாமலே திரும்புகின்றனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வெடித்த சிப்பாய்ப் புரட்சியில் உயிரிழந்த வெள்ளையருக்கான நினைவுச் சின்னம் அங்குள்ளது. 69ஆம் படைப்பிரிவினர் மட்டும் 115 பேர் அன்று மாண்டனர்.

அதே நாளில் ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை கோட்டையை மீட்டது. அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேர் வெளியே இழுத்து வரப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் நடந்த விசாரணையில் தண்டனை பெற்றோருள் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். புதிய தலைப்பாகையை அணிய மாட்டோம் என்றும், தாடியையும் சமயச் சின்னங்களையும் துறக்க மாட்டோம் என்றும் மறுத்து நின்ற முஸ்லிம்களும் இந்துக்களுமே அவர்கள். ஹைதரின் துணைவி பக்ஷி பேகத்திற்கும், திப்புவின் துணைவி பாதுஷா பேகத்திற்கும் வேலூரில் அடக்கத்தலங்கள் உண்டு. இச்சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை.

நெடுங்காலம் கடந்தபின் வேலூர் மக்கான் சந்திப்பில் அவர்களுக்கு நினைவுத் தூண் எழுந்தது. 2006இல், இருநூறாம் ஆண்டில், இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. இவை மகிழ்ச்சிக்குரியவை; எனினும் போதா.

கப்றின்மீது மாளிகை எழுப்புவது நம் மார்க்கத்தின் நோக்கமன்று. மண்ணுக்குள் சென்றவருக்கு வேண்டுவது கல்லன்று, துஆவே. ஆனால் பெயரே தெரியாதவருக்கு யார் துஆச் செய்வார்? எனவே வெள்ளையரின் கல்லறைகளைப் பழிக்க வேண்டா. அவையும் காக்கப்பட வேண்டிய சான்றுகளே. தம் வீரரின் பெயரை அவர்கள் எழுதி வைத்தனர். நம்மவர் பெயர்களை ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து எழுதி வைப்பது நமது கடமையாகும்.