உணர்ச்சி நினைவும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும்: மசர்ஸ்கியின் ஒரு படத்தை முன்வைத்து

பால் மசர்ஸ்கியின் ‘நெக்ஸ்ட் ஸ்டாப், கிரீனிச் வில்லேஜ்’ (1976) படத்தைத் தன்வரலாற்று ஏக்கப் படங்களின் வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அந்த முத்திரை பொய்யும் அல்ல. 1930இல் புரூக்ளினில் பிறந்த இயக்குநர் தம் இருபதுகளின் தொடக்கத்தைத் திரும்பிப் பார்க்கிறார். கதை நிகழ்வது 1953இல். நாயகன் லேரி லபின்ஸ்கி, மசர்ஸ்கியைப் போலவே ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளை. நடிகனாகும் கனவோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிரீனிச் வில்லேஜுக்குக் குடிபோகிறான். ஆனால் இந்த ஏக்கத்தின் வேரைத் தேடினால் நடிப்புப் பட்டறைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அன்றைய நியூயார்க் நடிகர்கள் கற்ற ஒரு பயிற்சியை மசர்ஸ்கி படம் நெடுகிலும் செய்துபார்க்கிறார் என்பது என் வாதம்.

அந்தப் பயிற்சிக்கு ‘உணர்ச்சி நினைவு’ என்று பெயர். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் தொடக்ககாலச் சோதனைகளிலிருந்து அதை எடுத்து வளர்த்தவர் லீ ஸ்ட்ராஸ்பெர்க். 1947இல் தொடங்கப்பட்ட ஆக்டர்ஸ் ஸ்டூடியோவுக்கு அவர் 1951இல் கலை இயக்குநரானார். மேடையில் அழவேண்டிய நடிகர் அழுகையை நேரடியாக வரவழைக்க முயலக்கூடாது. தான் முன்பு அழுத நாளின் அறையை, வெளிச்சத்தை, கையில் இருந்த துணியின் சொரசொரப்பை ஒவ்வொன்றாக மீட்க வேண்டும். அழுகை தானே வரும். இதை எல்லோரும் ஏற்கவில்லை. 1934இல் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்துத் திரும்பிய ஸ்டெல்லா அட்லர், சொந்தத் துயரத்தைத் தோண்டுவதைவிட நாடகச் சூழலைக் கற்பனை செய்வதே வழி என்று வாதிட்டார்.

மசர்ஸ்கி இந்த வழக்கில் ஸ்ட்ராஸ்பெர்க் பக்கம் நிற்கிறார் என்று படத்தின் உருவமே சொல்கிறது. அதில் பெரிய கதைமுடிச்சு கிடையாது. தலையில் பெரே தொப்பி, ஆரோக்கிய உணவுக் கடையில் வேலை, வாடகைக்குக் காசு திரட்ட நடக்கும் விருந்து, ஆளரவமற்ற ரயில் மேடையில் பிராண்டோவைப் போல் நடித்துப் பார்ப்பது எனப் புலன்களில் தங்கியவையே அடுத்தடுத்து வருகின்றன. நடிப்பு வகுப்பில் ஆசிரியர் லேரியிடம் காணும் குறை, அவன் எதையும் கேலியாக்கித் தப்பித்துக்கொள்கிறான் என்பது. வீட்டில் நடந்ததை நேராகப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. ஆகவே, வீட்டை விட்டு ஓடிவந்தவனிடம் அவனுடைய கலை முதலில் கேட்கும் பொருளே வீடுதான். இந்த முரண்தான் படத்தை இயக்குகிறது.

வீடு என்றால் அம்மா. ஷெல்லி விண்டர்ஸ் ஏற்ற ஃபே லபின்ஸ்கி, மகன் கிளம்பும்போது புலம்புகிறாள். சொல்லாமல் கொள்ளாமல் அவன் அறைக்கு வந்து நிற்கிறாள். விருந்துக்கு நடுவே நுழைந்து அவனைக் கூனிக்குறுக வைக்கிறாள். பிலிப் ராத்தின் ‘போர்ட்னாய்ஸ் கம்ப்ளெய்ன்ட்’ (1969) வெளிவந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில் இவளை வார்ப்பு மாறாத ‘யூதத் தாய்’ என்று ஒதுக்க இடம் உண்டு. முதல் அரை மணி நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது: படத்தில் தயக்கமின்றி உணர்ச்சியை வெளிக்கொட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஓப்பரா கேட்டுக் கண்ணீர் விடும் அவளுக்கு எந்தப் பட்டறையும் தேவைப்படவில்லை. மகன் காசு கொடுத்துக் கற்பதை அவள் சமையலறையில் இலவசமாக நிகழ்த்திக்கொண்டிருக்கிறாள். விண்டர்ஸ் தாமே ஆக்டர்ஸ் ஸ்டூடியோவில் பயின்றவர், புரூக்ளினில் வளர்ந்தவர். இந்தத் தேர்வைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

லேரியாக நடித்த லென்னி பேக்கருக்கு அப்போது முப்பதைத் தாண்டிய வயது, பாத்திரத்துக்கோ இருபத்திரண்டு. இதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் திரும்பிப் பார்ப்பவனின் முகமும் பார்க்கப்படுபவனின் முகமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. அடுத்த ஆண்டு பிராட்வேயில் ‘ஐ லவ் மை வைஃப்’ இசைநாடகத்துக்காக டோனி விருது பெற்ற அவர், 1982இல், முப்பத்தேழு வயதில் இறந்துவிட்டார். இன்று படத்தைப் பார்ப்பவருக்கு மசர்ஸ்கி திட்டமிடாத துயரம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

உணர்ச்சி நினைவுக்கு ஓர் எல்லை உண்டு: அது நினைவுகூர்பவரின் நெஞ்சுக்குள் மட்டுமே நுழையும். லேரியின் நண்பர் வட்டத்துப் பெண்ணான அனிட்டாவின் தற்கொலையைப் படம் அந்த வட்டம் பட்ட அதிர்ச்சியாகக் காட்டுகிறதே தவிர, அவளுடைய தனிமைக்குள் போவதில்லை. காதலி சாராவின் கருக்கலைப்பும் பெரிதும் அவனுடைய வளர்ச்சியில் ஒரு படியாகவே எண்ணப்படுகிறது. அக்காலத்தில் அது சட்டவிரோதம் என்ற அச்சம் காட்சியில் போதிய கனம் பெறவில்லை. அதே வட்டத்தில் அன்டோனியோ ஃபார்காஸ் நடித்த பெர்ன்ஸ்டீன் இன்னும் சிக்கலானவன். கறுப்பினத்தவன், தற்பால் விழைவாளன், தன் பூர்வீகத்தைத் தானே புனைந்துகொள்பவன். அசைபோடத் தகுந்த இறந்தகாலம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதற்கு அவனே சாட்சி. மசர்ஸ்கி அவனைக் கனிவோடு பார்க்கிறார், ஆனால் அவன் எழுப்பும் கேள்வியின் பின்னே போகவில்லை. படத்தின் பெரிய இழப்பு இது.

முடிவில் லேரிக்கு ஹாலிவுட்டில் ஒரு முரட்டு இளைஞன் வேடம் கிடைக்கிறது. மசர்ஸ்கிக்கும் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ (1955) படத்தில் அப்படியொரு மாணவன் வேடம் வாய்த்தது. முதல் வெற்றியின் படப்பிடிப்பையோ கைதட்டலையோ அவர் காட்டவில்லை. லேரி பெற்றோரிடம் விடைபெறப் புரூக்ளின் போகிறான். குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை மறக்காதே என்று சொல்லி, வழியில் தின்ன ஆப்பிள் ஸ்ட்ரூடலைக் கொடுத்தனுப்புகிறாள் அம்மா. இம்முறை அவன் கேலி பேசவில்லை. தெருவில் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறார். லேரி நின்று கேட்கிறான், பலகாரத்தைக் கடிக்கிறான், தான் வளர்ந்த தெருவை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறான்.