பெர்முடாவின் கூரை நீரும் புயற்காலமும்

அமெரிக்காவின் வட கரோலினா கரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே கிடக்கிறது பெர்முடா. அங்கே ஆறு இல்லை. நன்னீர் ஏரியும் இல்லை. நிலத்துக்கடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அதனூடே இறங்கி, கடல்நீரின்மேல் மெல்லிய படலமாகத் தேங்குகிறது. பல இடங்களில் கிணறு வெட்டினால் உவர்நீர்தான் கிடைக்கும். ஆனால் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை எல்லா மாதங்களிலும் பரவலாகப் பெய்கிறது. அதனால் இந்தத் தீவில் கூரைதான் குடிநீர்க் கிணறு. புயல் வரும்போது முதலில் அடி வாங்குவதும் அதே கூரைதான்.

இங்கே மனிதர் குடியேறியதற்கே ஒரு புயல்தான் காரணம். வர்ஜீனியாவுக்குப் புறப்பட்ட ‘சீ வென்ச்சர்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் 1609-இல் சூறாவளியில் சிக்கி, பெர்முடாவின் பவளப்பாறைகளில் மோதி நின்றது. முறையான குடியேற்றம் 1612-இல் தொடங்கியது. முதலில் எழுந்தவை உள்ளூர் சிடார் மரத்தால் சட்டமிட்டு, பனையோலை வேய்ந்த வீடுகள். ஓலையிலிருந்து வழியும் நீரில் அழுக்கு சேரும். பலத்த காற்று வந்தால் ஓலையே மிஞ்சாது. 1712-இல் வீசிய சூறாவளி செயின்ட் ஜார்ஜ் நகரின் புனித பீட்டர் தேவாலயத்தைச் சிதைத்தது. மறு ஆண்டே அது கல்லால் கட்டப்பட்டது. மெல்ல மெல்ல வீடுகளும் சுண்ணாம்புக்கல்லுக்கு மாறின.

கல் வீட்டின் கணக்கு எளிமையானது. மனையிலேயே கல்லை ரம்பத்தால் அறுத்தெடுப்பார்கள். அறுத்தபின் மிஞ்சும் பள்ளம் பல வீடுகளில் மழைநீர்த் தொட்டியானது. மெல்லிய பலகைகளாக அறுத்த கற்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி படிபடியாக அடுக்கிச் சாந்து பூசினார்கள். படிகள் மழையின் வேகத்தைக் குறைக்கும். கூரை விளிம்பை ஒட்டி எழுப்பிய கல் வரப்புகள் நீரை வடிகுழாய்க்குத் திருப்பும். கல்லின் கனமே காற்றுக்கு எதிரான காப்பு. மேலே அடித்த சுண்ணாம்பு பார்வைக்கு வெண்மை தந்ததோடு, அதன் காரத்தன்மையால் கிருமிகளையும் ஓரளவு அடக்கியது.

பழக்கமாக இருந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சட்டமானது. 1949-இன் பொது சுகாதாரச் சட்டமும் அதன்கீழ் 1951-இல் வந்த விதிகளும் கூரைப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மழை பிடிக்க ஏற்றதாக இருக்க வேண்டும் என்றன. நீர் பிடிக்கும் ஒவ்வொரு 10 சதுர அடிக்கும் 100 காலன் கொள்ளளவு வேண்டும்; அதாவது 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 45,000 லிட்டர். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தொட்டியைக் கழுவ வேண்டும். தனியார் வீட்டுக்குள் இவ்வளவு தூரம் நுழைந்த நீர்ச்சட்டம் உலகில் அரிது.

இப்படி ஒவ்வொரு துளியையும் சேர்த்துப் பழகிய வீடுகள், ஆண்டின் மிகப் பெரிய மழையை மட்டும் உள்ளே விடுவதில்லை. தீவின் அகலம் மிக விரிந்த இடத்திலும் மூன்று கிலோமீட்டரை ஒட்டியே இருப்பதால், சூறாவளிக் காற்று கடல் திவலைகளை எல்லாக் கூரைகளிலும் வாரி இறைக்கிறது. உப்போடு இலையும் குப்பையும் வருகின்றன. ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் வடிகுழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிடுவது, அல்லது அதன் வாயை அடைப்பது முதல் வேலை. புயல் ஓய்ந்து, கூரையை நல்ல மழை கழுவிய பிறகே குழாயைத் திறப்பார்கள். அடைக்க மறந்த வீட்டில் பல மாதச் சேமிப்பு ஓர் இரவில் உவர்த்துப்போகும்.

மற்ற ஏற்பாடுகள் மின்சாரம் கொண்டுவந்தவை. முன்பு வாளியையோ கைபம்பையோ வைத்து நீர் எடுத்தார்கள். அதைப் புயல் தடுக்கவில்லை. நிலத்தடித் தொட்டியிலிருந்து மோட்டார் நீரேற்றத் தொடங்கியபின், மின்கம்பி அறுந்தால் காலடியில் பல ஆயிரம் லிட்டர் இருந்தும் குழாயில் சொட்டு வராது. புயலுக்கு முந்தைய நாளே குளியல் தொட்டியை நிரப்பிவைப்பது கழிப்பறையில் ஊற்றத்தான். குடிநீர் தனிப் பாத்திரங்களில் இருக்கும். மோட்டாரின் இணைப்பைத் துண்டிப்பார்கள். கயிறு கட்டிய வாளியைத் தொட்டி மூடியருகே வைப்பார்கள். நவீன வசதி, பழைய வாளியை முற்றிலும் ஓய்வுபெற விடவில்லை.

2003 செப்டம்பரில் ஃபேபியன் சூறாவளி நால்வரைப் பலிகொண்டு, தீவின் பெரும்பகுதியை இருளில் தள்ளியது. பல கூரைகளின் கற்பலகைகளும் பெயர்ந்தன. 2014 அக்டோபர் 12-இல் ஃபேயும், ஒரு வாரம் ஆவதற்குள் கான்சாலோவும் வந்தபோது, பெயர்ந்த கூரையைச் செப்பனிடும் முன்பே அடுத்த அடி விழுந்தது. கூரை உடைந்தால் வீடு ஒழுகுவதோடு நீர் வரும் வழியும் போகிறது.

இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உண்டு. தொட்டி வற்றினாலோ உவர்த்தாலோ லாரி நீரை விலைக்கு வாங்கலாம். ஆனால் ஆலைக்கு மின்சாரமும் லாரிக்கு மரம் விழாத சாலையும் வேண்டும். அவை சீராகும்வரை வீடுகள் நம்பியிருப்பது புயலுக்கு முன் அடைத்துவைத்த தொட்டியைத்தான்.