கணக்கெடுப்பில் விடுபட்ட வறுமை

அரசின் நிவாரணம் எவருக்கு, எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்ற வினாக்களுக்கு இலங்கையில் நெடுங்காலமாக அரசியல் மேடைகளே விடையளித்து வந்துள்ளன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல் ஆரம்பமான கூப்பன் அரிசியின் வரலாறு இதற்குச் சான்று. 1953இல் கொத்து ஒன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மூண்ட ஹர்த்தாலை அடுத்து பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அதன்பின் வந்த அரசுகள் கூப்பனைத் தயக்கத்துடனேயே தொட்டன.

1979இல் உணவு முத்திரை வந்தது. சனத்தொகையில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதனைப் பெற்றனர். முத்திரையில் அச்சிடப்பட்ட ரூபாய் மாறவில்லை. கடையில் அரிசியின் விலை ஏறிக்கொண்டே சென்றது. மிக வறியவர்களின் உணவு குறைந்ததையும், வசதியுள்ள பலர் பட்டியலில் நீடித்ததையும் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவகத்துக்காக நெவில் எதிரிசிங்க எழுதிய ஆய்வு எடுத்துக்காட்டியது. அது வெளியானது 1987இல். எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1995இல் ஆரம்பித்த சமுர்த்தியிலும் இதே கதைதான். மிக வறிய ஐந்திலொரு பங்கினரில் ஏறத்தாழ 40 வீதமானோர் அதில் விடுபட்டிருந்ததாக உலக வங்கியின் ஆய்வொன்று கண்டது.

ஆனால் நமது பிரதேசத்தின் துயரம் வேறு. இங்கு விடுபட்டது நிவாரணம் மட்டுமல்ல, கணக்கே விடுபட்டது. 1981இன் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2002ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வில் வடக்கும் கிழக்கும் இல்லை. யுத்தத்தின் பின்னரான 2009/10 ஆய்வில் மட்டக்களப்பின் வறுமை 20.3 வீதம் எனத் தெரியவந்தது. அப்போது தேசிய வீதம் 8.9. நெடுங்காலம் புளியந்தீவுக் கோட்டையில் இயங்கிய கச்சேரியின் படிக்கட்டுகளில் மனுவுடன் காத்திருந்த மக்களுக்கு இது புதிய செய்தியல்ல, கொழும்புக்குத்தான் புதியது.

2022இன் பொருளாதார நெருக்கடியில் உணவு விலைப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 வீதத்தைத் தொட்டது. மறு ஆண்டு ஜூலையில் சமுர்த்தி நிவாரணத்தின் இடத்தில் அஸ்வெசும வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு புள்ளியிடும் முறை இது. சிபாரிசுக் கடிதத்தைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. மிக வறியோருக்கான 15,000 ரூபாய் 2025 ஜனவரியில் 17,500 ஆக உயர்த்தப்பட்டதும் வரவேற்கத்தக்கதே. எனினும் முதற்பட்டியல் வெளியானதும் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன.

வாவியை நம்பிய குடும்பத்தின் வருமானம் மாதத்துக்கு மாதம் ஒன்றாக இருப்பதில்லை. மாரி மழையில் தோணி கரையில் கிடக்கும். வயற்கூலிக்கு மாசி, பங்குனி அறுவடை வரை காத்திருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் பதிவதும், கார்த்திகையில் வருபவர் பதிவதும் ஒன்றாகுமா? கல்வீடும் மின்சாரமும் கொண்ட ஒரு வீட்டில் அடுப்பு எரியாதிருக்கக்கூடும். ஆழிப்பேரலையின் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் இக்கரையோரத்தில் ஏராளம். வீடு நன்கொடையாக வந்தது. வருமானம் அவ்வாறு வரவில்லை.

ஸகாத்துக்கு உரித்தானோர் எட்டு வகையினர் என்று வரையறுக்கும் குர்ஆன் வசனம் பகீரையும் மிஸ்கீனையும் தனித்தனியே குறிப்பிடுகின்றது. வறுமையின் படிகளைப் பிரித்தறிவது காத்தான்குடிக்கோ ஏறாவூருக்கோ புதிதல்ல. ஊரின் ஸகாத் குழு, கோயில் பரிபாலன சபை, மீனவர் சங்கம் ஆகியவை அறிந்திருப்பதைக் கணக்கெடுப்போடு ஒப்புநோக்க வழியுண்டு. மெக்சிகோவில் 1997இல் ஆரம்பித்த புரோகிரேசா திட்டத்தில் கணினிப் பட்டியலை ஊர்க்கூட்டத்தின் முன் வைத்துத் திருத்தினர்.

மட்டக்களப்பின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடந்தது, எத்தனை மேன்முறையீடுகள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்ற விபரங்களைப் பெயர் குறிப்பிடாமல், பிரிவு வாரியாக, தமிழில் வெளியிடுவது நலன்புரி நன்மைகள் சபையின் கடமையாகும். அடுத்த மீளாய்வுக்கு முன்னரே அது நடைபெற வேண்டும்.