நைலான் துப்பாக்கியும் சாயத் தொட்டியும்

நைலான் சேலைகளைப் பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு, "எதெதற்கு சார் சாயம் ஏறும்?" என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். பட்டியல் போட்டால் பக்கம் போதாது. அதனால் நீங்கள் நினைத்தே பார்த்திராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் சிலர் வீட்டு அடுப்பில் பெரிய பாத்திரத்தை வைத்து, துப்பாக்கியின் பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாயம் போடுகிறார்கள். கைப்பிடி, தோளில் அணைக்கும் கட்டை, தோட்டா அடைக்கும் மேகசின் எல்லாவற்றுக்கும்.

நான் கோவையில் ஒரு மில்லின் சாயப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் சாயம் என்றால் விடமாட்டேன் அல்லவா? தேடிப் படிக்கப் படிக்க, சாயமும் துப்பாக்கியும் நெருங்கிய பங்காளிகள் என்பது தெரிந்தது.

பிக்ரிக் அமிலம் என்று ஒரு மஞ்சள் பொடி உண்டு. 19-ம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் பட்டுக்கு அதைத்தான் மஞ்சள் சாயமாகப் போட்டார்கள். 1880-களில் அதே பொடியைப் பீரங்கிக் குண்டுக்குள் அடைத்தார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் அதுவரை அதை எவ்வளவு அலட்சியமாகக் கையாண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நைட்ரிக் அமிலமும் தார் எண்ணெயும் சேர்ந்தால் ஒரு வழியில் சாயம் வரும், இன்னொரு வழியில் வெடிமருந்து வரும். இரண்டு தொழிலுக்கும் சரக்கு ஒன்று, கைவேலையும் ஏறக்குறைய ஒன்று.

1856-ல் லண்டனில் 18 வயதுப் பையன் வில்லியம் பெர்க்கின், வீட்டு மாடியில் வைத்திருந்த சோதனைக்கூடத்தில் கொய்னா செய்யப் பார்த்தான். கிடைத்தது ஊதாச் சாயம். அங்கிருந்து தொடங்கிய செயற்கைச் சாயத் தொழிலை ஜெர்மானியர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். முதல் உலகப் போர் வந்து, பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கப்பல் போக்குவரத்தை மறித்ததும் அமெரிக்கத் துணி ஆலைகளுக்குச் சாயம் இல்லாமல் போயிற்று. 1916 ஜூலையில் 'டாய்ச்லாண்ட்' என்ற ஜெர்மானிய வணிக நீர்மூழ்கிக் கப்பல் முற்றுகைக்குத் தப்பி பால்டிமோர் துறைமுகத்தில் வந்து சேர்ந்தது. அதில் இருந்த முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? சாயம்தான்! தங்கம் மாதிரி விலை போனது.

இந்தத் தட்டுப்பாட்டில் சாயத் தொழிலில் இறங்கிய அமெரிக்கக் கம்பெனிகளில் ஒன்று டூபாண்ட். 1802-ல் டெலவேர் மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரையில் துப்பாக்கி மருந்து இடிக்கும் ஆலையாகத் தொடங்கியது அது. மருந்து செய்தவர்களுக்குச் சாயம் செய்வது பெரிய தாவல் இல்லை. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935-ல் நைலானைச் செய்தது. இரண்டு மூலப்பொருள்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கார்பன் அணுக்கள். அதனால் நைலான் 66 என்று பெயர். கரோதர்ஸ் மனச்சோர்வால் நெடுங்காலம் அவதிப்பட்டவர். 1937-ல் தற்கொலை செய்துகொண்டார். 1940 மே 15-ம் தேதி அமெரிக்கா முழுக்க நைலான் காலுறைகள் விற்பனைக்கு வந்து, பெண்கள் கடைகளில் முண்டியடித்ததைப் பார்க்க அவர் இல்லை.

இதற்கு நடுவில், 1933-ல், டூபாண்ட் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியையும் வாங்கியிருந்தது. துப்பாக்கிக் கட்டை என்றால் அதுவரை வால்நட் மரம். மரத்தை இழைத்து, தேய்த்து, மெருகு போட ஆள் கூலி ஏறிக்கொண்டே போனது. தாய்க் கம்பெனியிடமே மரத்துக்கு மாற்று கேட்டார்கள். 1959-ல் வெளிவந்தது 'ரெமிங்டன் நைலான் 66'. பெயரிலேயே நைலான். கட்டை முழுவதும் வார்த்தெடுத்தது. மரம் மாதிரித் தெரிய வேண்டும் என்று பழுப்பு நிறம், கூடவே கறுப்பும் பச்சையும். வாங்குபவர்கள் நம்புவார்களா என்ற பயம் கம்பெனிக்கு இருந்தது. அதே வருஷம் டாம் ஃப்ரை என்ற அவர்களுடைய ஆள், 13 நாள் தினமும் எட்டு மணி நேரம், மேலே வீசிய சின்ன மரக்கட்டைகளைச் சுட்டுக்கொண்டே இருந்தார். 1,00,010 கட்டைகளில் தவறியது ஆறு. அதற்குப் பிறகு யாரும் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. (நம் நாட்டின் ஆயுதச் சட்டமும் அதே 1959-ல் வந்ததுதான். இங்கே உரிமம் இல்லாமல் ஏர்கன்னைத் தாண்டி யோசிக்க முடியாது. அந்தச் சட்டத்துக்கு நான் கும்பிடு போடுகிறேன்.)

நைலானில் துப்பாக்கி செய்யலாம் என்றானதும் மற்றவர்களும் வந்தார்கள். ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பி செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக், 1980-களின் தொடக்கத்தில் நைலான் உடம்பு வைத்த கைத்துப்பாக்கியைச் செய்தார். இன்று பாதி உலகத்துப் போலீஸ்காரர்கள் இடுப்பில் அதுதான்.

இப்போது சாயத்துக்கு வருகிறேன். பட்டு, கம்பளி, நைலான் மூன்றுக்கும் உள்ளே ஒரே மாதிரிப் பிணைப்பு. அதனால்தான் கம்பளிக்குப் போடும் ஆசிட் டை நைலானையும் பிடித்துக்கொள்கிறது. வெந்நீரில் நைலானின் சங்கிலிகள் இளகி இடம் விடும். துளி வினிகர் விட்டால் சாயத்தை இழுக்கும். அமெரிக்க மளிகைக் கடைகளில் கிடைக்கும் 'ரிட்' என்ற வீட்டுச் சாயம் முதல் உலகப் போர்க் காலத்துச் சரக்கு. பருத்திக்கான சாயமும் நைலானுக்கான சாயமும் அதில் கலந்தே இருக்கும். துணிக்காக வாங்கிய அதே பாக்கெட்டை யாரோ துப்பாக்கிக் கைப்பிடி கிடந்த பாத்திரத்தில் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிடித்துக்கொண்டது.

டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் இப்படிச் சாயம் போட்ட கைப்பிடி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மணல் நிறத்தில் வாங்கி, பச்சையாக்கியிருந்தார். ஒரு பக்கம் திட்டுத்திட்டாக இருந்தது. "அப்பா, அவர் உங்களிடம் யோசனை கேட்கிறார்" என்றாள் மகள். எண்ணெய் போகக் கழுவினாரா என்று கேட்கச் சொன்னேன். கழுவவில்லை. மில்லில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லும் பாடம் அது. அழுக்கெடுக்காமல் தொட்டியில் இறக்காதே. இன்னொன்றும் சொன்னேன். வலுவுக்காக நைலானில் கண்ணாடி இழை கலக்கிறார்கள். அந்த இழைக்குச் சாயம் ஏறாது. வார்க்கும்போது அது மேலே வந்த இடங்களும் வெளிறித்தான் தெரியும். அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் ஏன் மணல் நிறத்தில் வாங்கினார் என்பது நம் சாயப்பட்டறைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வெளிறியதை அடர்த்தியாக்கலாம். கறுப்பில் எதைப் போட்டாலும் கறுப்புதான்.

வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வேட்டைக்குப் போகிறவனுக்குக் காட்டின் நிறம் வேண்டியிருக்கிறது. ஆனால் துப்பாக்கியின் நிறத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. எதிரே நிற்பவனுக்கு அது அசலா பொம்மையா என்று சொல்வது அதுதான். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களே தங்கள் எம்-16 துப்பாக்கியின் பிளாஸ்டிக்கைப் பார்த்து, மேட்டல் பொம்மைக் கம்பெனி செய்தது என்று கிண்டல் செய்தார்கள். அசல் பொம்மை மாதிரி ஆகிக்கொண்டே வர, பொம்மையும் அசல் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. 1988-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டது. பொம்மைத் துப்பாக்கியின் குழல் நுனியில் பளிச்சென்ற ஆரஞ்சு இருக்க வேண்டும். 2006-ல் நியூயார்க் நகரம் மறுபக்கத்தை அடைத்தது. அசல் துப்பாக்கியைப் பொம்மை நிறமாக மாற்றும் பொருள்களுக்குத் தடை. உடனே விஸ்கான்சினில் ஒரு பூச்சுக் கம்பெனி, அந்த நகர மேயர் புளூம்பெர்க்கின் பெயரையே வைத்துத் துப்பாக்கிக்கான வண்ண வரிசை ஒன்றை விற்றது. வியாபாரத்தில் குறும்பு இருக்கலாம். இது குறும்பில் சேர்த்தி இல்லை என்பது என் எண்ணம்.

2014 நவம்பர் 22. கிளீவ்லாந்து நகரம். டமீர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். கறுப்புத் துப்பாக்கி. ஆரஞ்சு நுனி அதில் இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் ஒரு காவலர் சுட்டார். பையன் மறுநாள் இறந்தான். சுட்டவர்மேல் வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று 2015 டிசம்பரில் முடிவாயிற்று. அடுத்த வருஷம் நகராட்சி குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அன்று போலீசுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னவர், அது பெரும்பாலும் போலித் துப்பாக்கியாகத்தான் இருக்கும் என்றும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார். காரில் வந்த இருவருக்கும் அந்த வார்த்தை போய்ச் சேரவில்லை.