108 ஆண்டு கூட்டணி சிதறியது எப்படி? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் 'தாவல்' அரசியல்

கூட்டணி தாவல் என்றதும் உங்களுக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் கல்லூரிகளும் தாவும். 1915-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் மேற்குக் கரையின் 'பேக்-12' கூட்டணியிலிருந்து, 2023 ஆகஸ்ட் 4 அன்று மட்டும் 5 பல்கலைக்கழகங்கள் வெளியேறுவதாக அறிவித்தன.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் குழு. போட்டி அட்டவணை, டிவி உரிமம், வருமானப் பங்கீடு எல்லாம் இதன் கையில்தான்.

பணம் எங்கிருந்து வருது?

ஃபுட்பாலில் இருந்து. நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். அதன் ஒளிபரப்பை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பே கட்டுப்படுத்தி வந்தது. அது செல்லாது என 1984-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் கூட்டணிகளே நேரடியாக பேரம் பேசத் தொடங்கின.

2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் 'பிக் டென்' கூட்டணிக்குப் போவதாக அறிவித்தன. இரண்டே மாதத்தில் பிக் டென் சுமார் 700 கோடி டாலருக்கு 7 ஆண்டு டிவி ஒப்பந்தம் போட்டது. பெரிய நகரத்தை இழந்த பேக்-12-க்கு அப்படி எதுவும் அமையவில்லை. மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

சரி, இதில் அரசியல் எங்கே?

யுசிஎல்ஏ, பெர்க்லி இரண்டுமே கலிஃபோர்னியா மாகாண அரசின் பல்கலைக்கழகங்கள். இரண்டுக்கும் ஒரே நிர்வாகக் குழு. ஒன்று போனால் இன்னொன்றின் வருமானம் அடிவாங்கும். ஆளுநர் கேவின் நியூசம் வெளிப்படையாக விளக்கம் கேட்டார். ஆனாலும் 2022 டிசம்பரில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கு 1 கோடி டாலர் வீதம் 3 ஆண்டுகளுக்கு பெர்க்லிக்கு யுசிஎல்ஏ தர வேண்டும் என 2024-ல் முடிவானது. அரசால் தாவலைத் தடுக்க முடியவில்லை, நஷ்டஈடுதான் வாங்க முடிந்தது.

யாருக்கு நஷ்டம்?

முடிவு ஃபுட்பாலுக்காக, அலைச்சல் எல்லோருக்கும். யுசிஎல்ஏ வாலிபால் மாணவி, கூட்டணிப் போட்டிக்காக சுமார் 4,000 கி.மீ. தள்ளியுள்ள நியூஜெர்சி வரை போக வேண்டியிருக்கும். படிப்பும் பரீட்சையும் அப்படியே இருக்கும். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது 'அட்லான்டிக் கோஸ்ட்' கூட்டணியில்!

கடைசியில் பேக்-12-ல் மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் மட்டுமே. நீதிமன்றம் போய்க் கூட்டணியின் கட்டுப்பாட்டைப் பெற்ற அவை, 2024-ல் புது உறுப்பினர்களைச் சேர்க்கத் தொடங்கின.

அடுத்த தாவல் எப்போ? பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது. அந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.