துறையும் தீர்வையும்: திருகோணமலைக் கரையில் ஒரு பழைய வழக்கு

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலில் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் அகப்பட்டது. பெரிய பாய்மரத்தை வெட்டி வீழ்த்தியே அது தப்பியது. புதிய மரம் நாட்டுவதற்கும், அவ்வேலை நடக்கும் நாள்களில் துணி விற்று ஊதியம் தேடுவதற்கும் அது கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் அதில் ஏறி வந்தனர்.

கொட்டியாரம் என்பது திருகோணமலைப் பெருங்குடாவின் தென்பக்கம். மகாவலி கங்கை கடலோடு கலக்குமிடம் அதுவே. கண்டி அரசுக்கு அந்நாளில் அது முதன்மையான கடல்வாயில். சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்து, பாக்கு ஏற்றிச் சென்ற தோணிகளுக்கு அத்துறை பழகிய துறை. ஆங்கிலக் கப்பலுக்கோ அது புதிது. கப்பற்றலைவர் கரையிறங்கினார், வாணிகம் தொடங்கிற்று. சிறிது காலம் கழிந்ததும் மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் வந்து, நயமாகப் பேசித் தலைவரையும் அவருடன் இருந்தோரையும் பிடித்துக்கொண்டனர். இது 1660 ஏப்ரலில் நடந்தது. தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி நாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

தாம் பிடிபட்டதன் காரணத்தை நொக்ஸ் அந்நூலில் ஆராய்கின்றார். வந்தவுடன் மன்னனுக்குத் திருமுகமும் கையுறையும் அனுப்பாமையே அவன் சினத்துக்குக் காரணமாயிருக்கலாம் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. ஒருவன் துறைக்கு வந்தால் தான் இன்னான், இன்ன பொருளுடன், இன்ன நோக்கத்தோடு வந்தேன் என்று முன்னரே அறிவித்தல் வேண்டும். அறிவித்தவன் வணிகன், அறிவியாதவன் ஒற்றனாகவும் இருக்கலாம். கடற்கரையெங்கும் ஐரோப்பியக் கோட்டைகள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் அம்மன்னன் அவ்வாறு ஐயுற்றதை முற்றும் குறைகூற இயலாது. ஆயினும், அறியாமையால் ஒரு முறையைத் தவறவிட்டவனுக்கு இருபது ஆண்டுச் சிறை தகுந்த தண்டம் என்று எவரும் சொல்லார்.

துறைகளின் வரலாறெங்கும் இச்சிக்கலே காணப்படுகின்றது. வரும் பொருளையெல்லாம் அவிழ்த்துப் பார்த்தால் கப்பல் காத்துக் கிடக்கும். வணிகன் வேறு துறையை நாடுவான். பாராமல் விட்டால் அரசின் வருவாய் போகும். தீய பொருளும் உட்புகும். எவரைச் சோதிப்பது, எவரை நம்பிவிடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை தந்திருக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் மூடைகள்மேல் புலிப்பொறி இட்ட சுங்கக் காவலரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அப்பொறி, இப்பொருள் பார்க்கப்பட்டது, இனித் தடையின்றிச் செல்லலாம் என்பதற்கும் ஓர் அடையாளம்.

இலங்கையில் இக்கேள்விக்கு எழுதப்பட்ட விடைகளுள் சிறந்தது ஒன்று தமிழிலேயே இருக்கின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு அது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையை அது தாங்கி நிற்கின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்து விளக்கினார். ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை, பற்றிய ஆணை அது. பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், அங்கே வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும். பல துறைகளிலிருந்தும் வணிகர் அங்கே கூடுதல் வேண்டும் என்று மன்னன் விரும்புகின்றான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற வாணிகப் பொருளுடன் வரும் மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

உடைந்த கப்பலின் பொருளில் பாதியை அரசன் எடுத்துக்கொள்வது இக்காலத்தார்க்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் கரையொதுங்கிய பொருள் முழுவதும் கரையை ஆள்வோனுக்கே என்பது பல கடற்கரைகளில் வழக்கம். ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளித் துறையில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் வெட்டுவித்த அபய சாசனம் இதனைத் தெளிவாகச் சொல்கின்றது. முன்னிருந்த அரசர் புயலால் ஒதுங்கிய கப்பலின் பொருளையெல்லாம் வலிந்து கவர்ந்தனர். தான் முறையான தீர்வையன்றி வேறெதுவும் கொள்வதில்லை என்கின்றான் அவன். அத்தீர்வை முப்பதில் ஒன்று. சுங்கத்தையே தவிர்த்த குலோத்துங்கனைப்போல் எல்லாவற்றையும் விட்டுவிட இவர்கள் முன்வரவில்லை. ஆனால் கொள்ளும் அளவை முன்னரே கல்லில் எழுதிவைத்தார்கள். வணிகனுக்கு வேண்டியது அவ்வெழுத்துத்தான். குறைந்த தீர்வையைக் காட்டிலும் மாறாத தீர்வையே கணக்குப் பார்ப்பவனுக்கு உதவும். அரசன் தன்னைத் தானே கட்டிக்கொண்ட பின்னரே வணிகனிடம் நேர்மையைக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டாகின்றது.

பராக்கிரமபாகுவின் ஆணையில் யானைக்குத் தனிச் சலுகை ஏன் என்பதும் கருதத்தக்கது. யானை வாணிகத்தின் பொருட்டு இம்மன்னன் ஒரு போரே நடத்தினான். பர்மிய மன்னன் யானை விற்பதைத் தடுத்ததையும், அதன் விலையைப் பன்மடங்கு உயர்த்தியதையும், கையுறையுடன் வரும் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு யானை கொடுக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தியதையும் போருக்குரிய காரணங்களாகச் சூளவம்சம் எடுத்துரைக்கின்றது. படைக்கப்பல்கள் பல்லவவங்கம் என்னும் துறையில் கூடின. அத்துறை திருகோணமலைக்கு வடக்கே இருந்தது என்று ஆய்வாளர் கருதுவர். துறைமுக வழக்கமொன்று முறிந்தமையால் இக்கரையிலிருந்து ஒரு கடற்படையே புறப்பட்டது என்று எண்ணும்போது, சுங்கம் என்பது வெறும் கணக்கர் வேலையன்று என்பது விளங்கும்.

அரசன் எழுதியதை அவன் அலுவலர் மதித்தனரா? அதற்கும் ஒரு கல் சான்று உண்டு. பதுளைத் தூண் கல்வெட்டு எனப்படும் பத்தாம் நூற்றாண்டுச் சிங்களச் சாசனம், மகியங்கனைப் பக்கத்தில் இருந்த ஓப்பிட்டிகமச் சந்தையைப் பற்றியது. கொட்டியாரத்தில் கடலைச் சேரும் அதே மகாவலியின் கரைநாடு அது. மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது வணிகரும் ஊரவரும் அவன்முன் சென்று, அதிகாரிகள் முந்திய ஆணையை மீறித் தங்களை வருத்துகின்றனர் என்று முறையிட்டார்கள். மன்னன் விதிகளை வகுத்தான். சந்தையில் விற்கும் பொருளுக்கே தீர்வை. அவ்வழியே கடந்துசெல்லும் பொருளுக்கு இல்லை. அங்கீகாரம் இல்லாத படியாலும் நிறையாலும் அளத்தல் கூடாது. இருதரப்பையும் ஒருசேரக் கட்டும் விதிகள் இவை. வணிகன் கள்ளப் படி வைத்திருத்தல் ஆகாது. அதிகாரி இல்லாத தீர்வை கேட்டலும் ஆகாது.

வணிகரும் தனித்தனியாக நிற்கவில்லை. ஐந்நூற்றுவர், நானாதேசிகள் என்னும் பெருங்குழுக்களாக அவர்கள் நின்றார்கள். திருகோணமலையின் பின்னிலமாகிய பதவியாப் பக்கத்தில் அவர்தம் சாசனங்கள் கிடைத்துள்ளன. தம் பாதுகாப்புக்குத் தாமே வீரரை வைத்திருந்த வணிக ஊர்களும் இருந்தன. எறிவீரபட்டினம் என்று அவை பெயர் பெற்றன. அரசனோடு பேரம் பேசத்தக்க வலிமை உடையவர்க்கே நல்ல உடன்படிக்கை கிடைத்தது என்பதை மறைத்தல் வேண்டா.

பின்னர் வந்த ஐரோப்பியர் இந்த முறையைத் தலைகீழாக்கினர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றிச் சில காலத்தில் நீங்கினார்கள். 1665இல் மீண்டும் வந்து அமர்ந்தார்கள். கொட்டியாரமும் விரைவில் அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்கள் வந்தது தீர்வை வாங்க மட்டுமன்று, வாணிகத்தையே தமதாக்கிக்கொள்ள. கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாத தோணி கள்ளத்தோணி. பாக்கு கம்பெனிக்கு மட்டும் உரியது. துணியும் கம்பெனி வழியே வருதல் வேண்டும். பல நூற்றாண்டாக இக்கரையோடு பழகிய சோழமண்டல வணிகர் ஒரே ஆணையில் ஐயத்துக்குரியவர் ஆயினர். விளைவை, யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றறிஞர் சி. அரசரத்தினம் ஒல்லாந்தரின் ஆவணங்களைக்கொண்டே எடுத்துக்காட்டியுள்ளார். அரிசிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது; கள்ள வாணிகம் பெருகிற்று; இறுதியில் கம்பெனியே தன் தடைகளைத் தளர்த்த வேண்டியதாயிற்று. காவலை இறுக்கியவர்களே கள்ளத்தையும் வளர்த்தார்கள்.

ஆங்கிலேயர் 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றினார்கள். அவர்களுக்கு அது கடற்படைத் தளம். வாணிகம் கொழும்பின் பங்கு. 1875இல் கொழும்பில் அலைதடுக்கும் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின், இயற்கை தந்த துறைமுகம் கிழக்கே காத்திருக்க, செயற்கைத் துறைமுகம் மேற்கே செழித்தது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களுடன், இலங்கைச் சுங்கத்தின் அடிப்படைச் சட்டமாக இன்றும் நிலவுகின்றது. அதன் மனப்பான்மை ஐயம். குற்றம் செய்தவனிடம் பொருளின் மதிப்பைப்போல் மும்மடங்கு தண்டம் கேட்க அது வகைசெய்தது. பறிமுதலிலும் தண்டத்திலும் ஒரு பங்கு உத்தியோகத்தருக்கும் தகவல் கொடுத்தோருக்கும் வெகுமதியாகச் செல்லவும் அதன்கீழ் வழி ஏற்பட்டது. பிழை கண்டுபிடிப்பவனுக்குப் பரிசு உண்டு. பிழையின்றி நடப்பவனுக்கோ எதுவும் இல்லை.

அக்குறையை நீக்கும் முயற்சி உலகளவில் 2001இன் பின்னரே வலுப்பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை ஏழு பெரிய இறக்குமதியாளரோடு ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2005இல் உலகச் சுங்க அமைப்பு இதனைப் பல நாடுகளுக்கும் பொதுவான சட்டகமாக வகுத்தது. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையும் இதற்கு இடமளித்தது. இலங்கைச் சுங்கத் திணைக்களமும் இத்தகைய திட்டமொன்றை ஏற்றிருக்கின்றது. ‘அங்கீகாரம் பெற்ற பொருளாதாரச் செயற்பாட்டாளர்’ என்பது பெயர், நீண்ட பெயர்தான். பொருள் எளிது. ஒரு நிறுவனம் தன் கணக்கேடுகளைத் திறந்து காட்டுகின்றது. சட்டத்தை மீறாத வரலாறும், கடனடைக்கும் வல்லமையும், பண்டகசாலைக் காவலும் தனக்கு உண்டென்று மெய்ப்பிக்கின்றது. சுங்கம் நேரில் சென்று ஆராய்ந்து சான்றிதழ் வழங்குகின்றது. அதன்பின் அந்நிறுவனத்தின் சரக்கு குறைந்த சோதனையோடு விரைந்து வெளியேறும். ஆய்வு பின்னர்க் கணக்கேட்டில் நடைபெறும். நம்பிக்கை கெட்டால் சான்றிதழும் போகும். நொக்ஸின் தந்தை அனுப்பத் தவறிய திருமுகத்தின் இடத்தில் இங்கே கணக்கேடு நிற்கின்றது.

திருகோணமலையின் சரக்கு இத்தகைய ஏற்பாட்டுக்கு இயல்பாகவே பொருந்தும். 1957இல் ஆங்கிலக் கடற்படை நீங்கியபின் இக்குடாவைச் சுற்றிப் பெருந்தொழில்கள் எழுந்தன. 1980இல் பிறீமா மாவாலை. அதன்பின் டோக்கியோ சீமெந்து ஆலை. சீனக்குடாவில் ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2022 சனவரி உடன்படிக்கையில் அவற்றுள் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கும் என வகுக்கப்பட்டன. கோதுமை, கிளிங்கர், எரிபொருள் ஆகிய மூன்றும் பொதியாக வருவன அல்ல. கப்பல் நிறைய ஒரே பொருளாக வருவன. இத்தகைய சரக்கில் அவிழ்த்துப் பார்க்க மூட்டை இல்லை. இறக்குமுன்னும் இறக்கியபின்னும் கப்பல் எத்துணை ஆழம் அமிழ்ந்திருக்கின்றது என்பதை அதன் பக்கத்துக் குறிகளைப் பார்த்து எடையைக் கணிப்பது உலக வழக்கு. எண்ணெயைத் தாங்கியில் அளவுகோல் இறக்கி அளப்பர். ஆதலின் அளவு சரியா, கணக்கு சரியா என்பதே கேள்வி. ஓப்பிட்டிகமத்துப் படியும் நிறையும் மீண்டும் வந்து நிற்கின்றன.

சிறு வணிகர் இதில் எங்கே நிற்கின்றனர்? கணக்கரும் காவலரும் பண்டகசாலையும் உடையவர்க்கே சான்றிதழ் எளிது. ஐந்நூற்றுவர் காலத்து உண்மை இன்றும் மாறவில்லை. இந்தியா 2011இல் இம்முறையைத் தொடங்கி, 2016இல் இறக்குமதி, ஏற்றுமதி வணிகர்க்கு மூன்று படிகளாக்கியது. தகுதி பெற ஓராண்டில் 25 சுங்க ஆவணங்களேனும் கையாண்டிருத்தல் வேண்டும் என்றது. 2020 டிசம்பரில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதனை 10ஆகக் குறைத்தது. திருகோணமலைக் கடைத்தெரு வணிகருக்கு அந்தப் பத்தும் பெரிதே. அவருடைய வெளிநாட்டுப் பொருள் பெரும்பாலும் கொழும்பில் பிறர் பெயரில் இறங்கி, லொறியில் ஏறி, ஆழ்ந்த துறைமுகம் ஒன்று வாயிலில் இருக்கவே, தரைவழியே அவர் கடைக்கு வந்து சேர்கின்றது.