அரிதாரம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடியும்வரை தெருக்கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி கோயில் இவ்வழிபாட்டில் பேர்பெற்றது. ஆட்டம் தொடங்குமுன் கலைஞர் கண்ணாடியைக் கையில் பிடித்து, தேங்காயெண்ணெயில் குழைத்த வண்ணத்தைத் தானே முகத்தில் தீட்டிக்கொள்கிறார். துரியோதனன் என்றால் சிவப்பு.

அந்தப் பூச்சுதான் அரிதாரம்.

‘ஹரிதாலம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் இது. ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த, நஞ்சுள்ள மஞ்சள் கனிமத்துக்குரிய பெயர். ஒரு மஞ்சள் பொருளின் பெயர் எல்லா நிற ஒப்பனைக்கும் பொதுவாகி, பிறகு ‘அரிதாரம் பூசுதல்’ நடிப்பையே குறிக்கலானது.

உடலில் ஓவியம் எழுதுவது தமிழருக்குப் புதிதல்ல. மகளிர் மார்பிலும் தோளிலும் குழம்பால் எழுதிய கோலத்தைச் சங்கப் பாடல்கள் தொய்யில் என்கின்றன. தொய்யில் வழக்கொழிந்தது, அரிதாரம் இன்றும் புழங்குகிறது. கூத்தரின் முகவண்ணமும் ஓவியக்கலையே. அடுத்த திருவிழாவில் ஒப்பனை நடக்கும்போதே போய்ப் பாருங்கள்.